சீபாப் மாஸ்க்கோடு படுக்க எந்தத் தலையணை? திருகோணமலைச் சூட்டையும் சேர்த்து ஒரு கணக்கு

சீபாப் (CPAP) என்பது நித்திரையில் மூச்சு அடைபடுகிறவர்களுக்கு மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி விடுகிற மெஷின். அதைக் கையில் தருகிறவர்கள் எல்லாவற்றையும் விளக்குவார்கள். எந்தப் பொத்தானை அமத்துவது, மாஸ்க்கை எப்படிக் கழுவுவது, காற்றை ஈரப்படுத்துகிற தொட்டிக்குள் என்ன தண்ணீர் விடுவது, ஃபில்டரை எப்போது மாற்றுவது. தலையணையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. மாஸ்க்கின் அளவு பார்ப்பதும் பெரும்பாலும் கதிரையில் இருத்திவைத்துத்தான். இருந்த இருப்பில் எந்த மாஸ்க்கும் ஓரளவு ஒழுங்காக நிற்கும். இரவு ஒருக்களித்துப் படுத்து, கன்னம் தலையணையில் அமரும்போதுதான் மாஸ்க் ஒரு பக்கம் தள்ளுப்பட்டு, கண்ணுக்குள் காற்று ஊதத் தொடங்கும்.

அதன் பிறகு எல்லோரும் செய்வது வாரை இறுக்குவது. இறுக்க இறுக்க மூக்கின் மேற்பாகம் சிவந்து புண்ணாகும், கசிவு நிற்காது. கடைசியில் "இந்தச் சனியனைப் போட்டுக்கொண்டு மனிசர் படுக்கலாமா" என்று மெஷினைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவார்கள். அது அங்கே போனதற்குத் தலையணையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதற்குத் தலையணை தேடுவதென்றால் வேறு சில கணக்குகளும் சேரும். வெளியில் கிடைக்கிற ஆலோசனைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகளை மனதில் வைத்தவை. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அனலாக அடிக்கிற ஊரில், ஃபானுக்குக் கீழே, நுளம்பு வலைக்குள், தும்பு மெத்தையிலோ பாயிலோ படுக்கிற ஆளுக்கு அவை அப்படியே பொருந்தாது. நான் மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க் போட்டு, ஒருக்களித்துப் படுக்கிறவன். உப்புவெளியில் இருக்கிற என் மாமி முழுமுக மாஸ்க் போடுகிறவர். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தலையணை சரிவராது என்று தெரிந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

தலையணை செய்கிற கெடுதல்

சீபாப் சிகிச்சையை 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற மருத்துவர் தன் குழுவினரோடு அறிமுகப்படுத்தினார். அடிப்படை அன்றிலிருந்து மாறவில்லை: நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழி ஒட்டிப்போகாமல், மெல்லிய காற்றழுத்தத்தால் அதைத் திறந்து வைத்திருப்பது. வீட்டு மெஷின்கள் தருகிற அழுத்தம் 4 முதல் 20 சென்ரிமீற்றர் தண்ணீர் அளவு. கூடிப்போனால் ஒரு சாண் ஆழத் தண்ணீர் தருகிற அழுத்தம், அவ்வளவுதான். மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கிற மெல்லிய சிலிக்கன் மடிப்பு அந்தக் காற்றில் உப்பித்தான் முகத்தோடு ஒட்டி நிற்கிறது. பக்கத்தில் இருந்து ஒரு சின்னத் தள்ளு விழுந்தாலே மடிப்பு ஓரிடத்தில் கிளம்பிவிடும். வாரை அளவுக்கு மீறி இறுக்கினால் மடிப்பு உப்புவதற்கே இடமில்லாமல் நசிந்துபோய் நிலைமை மோசமாகும்.

தள்ளுவதோடு தலையணை நிற்பதில்லை. மாஸ்க்கின் முன்பக்கத்தில் நுண்துளைகள் இருக்கின்றன. நாம் வெளிவிடும் மூச்சு அவற்றின் வழியாகத்தான் போகிறது. முகம் புதைகிற தலையணை அந்தத் துளைகளை மூடிவிடும். முழுமுக மாஸ்க்கில் இன்னொரு வால்வும் உண்டு. கரண்ட் போய் மெஷின் நின்றால், அறைக் காற்று உள்ளே வர அது தானாகத் திறக்கும். நடுச்சாமத்தில் கரண்ட் போவது நமக்கென்ன புதிதா? அந்த வால்வுக்கு முன்னால் பஞ்சு வந்து அடைக்கக்கூடாது.

அப்புறம் கழுத்து. உயரம் கூடிய தலையணையில் மல்லாந்து படுத்தால் நாடி நெஞ்சுப் பக்கம் சாயும். மெஷின் திறக்கப் பார்க்கிற வழியை நாமே மடித்துவிடுகிறோம். உயரம் குறைந்ததில் ஒருக்களித்தால் தலை கீழே சரிந்து, பாரம் கன்னத்திலும் மாஸ்க்கிலும் விழும்.

கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் தலையணையை அமத்திப் பார்த்து, மெதுவா கடினமா என்றுதான் தெரிவு செய்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஓரத்தை. ஒருக்களித்துப் படுக்கும்போது தலையணை கன்ன எலும்போடு முடிந்துவிட வேண்டும். அதற்கு அப்பால் மாஸ்க் வெறும் காற்றில் நிற்க வேண்டும். இது சரிவந்தால் உள்ளே என்ன பஞ்சு என்பது இரண்டாம் பட்சம்.

சாதாரணக் கடைத் தலையணை ஏறக்குறைய 27 அங்குல நீளம், 18 அங்குல அகலம். அதன் ஒரு கரையில் படுத்து மாஸ்க்கை வெளியே விடலாம். ஆனால் மறுபக்கம் திரும்பியதும் முகம் தலையணையின் நடுவில் வந்து விழும். முழித்து, நகர்ந்து படுக்க வேண்டும். ஆகவே காசு செலவழிக்க முன் ஒன்று செய்து பாருங்கள். இருக்கிற தலையணையைக் கட்டிலுக்குக் குறுக்கே போடாமல் நெடுக்காகத் திருப்பி, தலைமாட்டுப் பக்கம் தள்ளிவிடுங்கள். இப்போது தலைக்குக் கீழே குறுக்காக இருப்பது 18 அங்குலம்தான். இடம் திரும்பினாலும் வலம் திரும்பினாலும் முகம் கரைக்கு வந்துவிடும். மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க் போடுகிறவர்கள் சிலருக்கு இதோடு கதை முடிந்துவிடும். அவர்கள் மேற்கொண்டு வாசிக்கத் தேவையில்லை.

உயரத்தை அளக்கிற விதம்

சுவரில் ஒரு தோளை ஒட்டிப் பக்கவாட்டாக நின்று, தலையை நேரே வைத்துக்கொண்டு, பக்கத் தலைக்கும் சுவருக்கும் இடையில் உள்ள தூரத்தை வீட்டில் ஒருவரைக் கொண்டு அளப்பியுங்கள். கடினமான தளத்தில் ஒருக்களித்துப் படுக்கிறவருக்கு, தலை அமர்ந்த பிறகு மிஞ்ச வேண்டிய உயரம் அதுதான். கடையில் வீங்கி நிற்கிற உயரம் கணக்கில் வராது.

அதில் இருந்து மெத்தை புதைகிற அளவைக் கழிக்க வேண்டும். பாயில் படுக்கிறவருக்குத் தோள் புதைய இடமில்லை, முழு உயரமும் வேண்டும். தும்பு மெத்தையில் தோள் கொஞ்சம் இறங்கும். மெதுவான ஸ்பொஞ்ச் மெத்தையில் நன்றாகவே இறங்கும். ஆள் ஒன்று, தலையணை உயரம் மூன்று. மாமி வீட்டில் ஸ்பொஞ்ச் மெத்தை, எங்கள் வீட்டில் தும்பு மெத்தை. தன் தலையணையை அங்கிருந்து காவிக்கொண்டு வந்து ஒரு இரவு படுத்துவிட்டு, "தம்பி, உங்கட வீட்டில படுத்தா மட்டும் கழுத்து நோகுது" என்பார். ஒரு துவாயை நாலாக மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மல்லாந்து படுக்கிறவர்களுக்குக் கதை சுருக்கம். தலையணை மாஸ்க்கைத் தொடுவதே இல்லை. உயரம் குறைந்த எதுவும் போதும். ஆனால் பலருக்கு மல்லாந்து படுக்கும்போதுதான் மூச்சுத் தடை கூடும் என்பதால், மருத்துவர் உங்களை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியிருந்தால் தலையணைக்காக அதை மாற்ற வேண்டாம். கொண்டை போட்டபடி படுக்கிற பெண்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பின்தலைக் கொண்டை தலையை முன்னுக்குத் தள்ளும், மாஸ்க்கின் பின்வாரும் அதில் ஏறி வழுக்கும். தளர்வாகப் பின்னி ஒரு பக்கம் விட்டுவிடுவது நல்லது.

இலவம் பஞ்சு

என்னைக் கேட்டால் முதலில் போக வேண்டியது இதற்குத்தான். மலிவு என்பது ஒரு காரணம். ஆனால் மாஸ்க் போடுகிறவருக்கு இலவம் பஞ்சில் இருக்கிற பெரிய நன்மை, அது சொன்னபடி கேட்கும் என்பது. கையால் அமத்தி ஓரிடத்தில் குழி செய்தால் குழி குழியாகவே இருக்கும். இரவில் திரும்பும்போது மாஸ்க் முட்டினால் பஞ்சு நகர்ந்து இடம் விடும், திருப்பி உதைக்காது. இந்தக் குணத்தைத்தான் "சீக்கிரம் அமுங்கிப்போகும்" என்று சாதாரணமாகக் குறை சொல்வார்கள்.

கடையில் விற்கிற இலவம் பஞ்சுத் தலையணையை அப்படியே பாவிக்கலாம் என்று சொல்லவில்லை. அவை இறுக்கி அடைத்தவை. புதிதில் நடு மேடாக நின்று தலை ஒரு பக்கம் உருளும். ஆகவே உறையைத் தைப்பித்து, கடைத் தலையணையில் இருந்து பஞ்சை எடுத்து அளவாக அடைப்பதுதான் வழி. நான் தைப்பித்தது 16 அங்குலச் சதுரம். தையல்கார அக்கா அளவைக் கேட்டுவிட்டு, "என்ன தம்பி, சின்னப்பிள்ளைக்கா தலகணி?" என்றார். எனக்குத்தான் என்றதும் என் தலையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். சதுரம் ஏன் என்றால், எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதோடு நாலு கரையையும் மாற்றி மாற்றிப் போட்டால் பஞ்சு ஒரே இடத்தில் அமுங்காது.

அடைக்கிற வேலையை முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மூக்கைக் கட்டிக்கொண்டு. இலவம் பஞ்சு மிக மெல்லியது. ஃபானுக்குக் கீழே அவிழ்த்தால் வீடெல்லாம் பறக்கும். உறையின் ஒரு கரையில் நாலு விரல் அகலத்துக்குத் தையலை விட்டுவைத்து, ஒவ்வொரு பிடியாக அடைத்து, படுத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி அடைத்து, தலை வைத்த நிலையில் உயரம் சரியாக வரும்வரை மூட வேண்டாம். மூலைகளில் கொஞ்சம் இறுக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் இருந்தால் தலை உருளாது. முழுத் தையலையும் போட முன் இரண்டு மூன்று இரவுகள் ஊசியால் குத்தி வைத்துப் படுக்க நினைக்காதீர்கள். நூலால் பெரிய தையலாக ஓட்டிவிடுங்கள். முகத்துக்குப் பக்கத்தில் ஊசி வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. தண்ணீரில் போட்டுக் கழுவ முடியாது. இந்தப் பஞ்சின் இழை உள்ளே பொள்ளலானது, மேலே மெழுகுத் தன்மை உள்ளது. தண்ணீரில் மிதக்கும் என்பதால் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் வியர்வையும் கடற்காற்றின் ஈரமும் உறையில் ஊறி உள்ளே ஒரு மக்கல் மணத்தைக் கொண்டுவந்துவிடும். அதற்கு மருந்து வெயில்தான். பங்குனியில் இருந்து புரட்டாதிவரை நம்மிடம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஒரு பகல் மதிலில் போட்டுத் தட்டி எடுத்தால் பஞ்சு மறுபடி பூரித்துவிடும். மாரியில்தான் தொல்லை. கார்த்திகை, மார்கழியில் நாள்கணக்கில் மழை பிடித்துக்கொண்டால் இலவம் பஞ்சுத் தலையணை சில்லிட்டு, பாரமாகி, மணக்கத் தொடங்கும். அந்த நேரத்துக்கு இன்னொன்று இருக்க வேண்டும். தூசி ஒவ்வாதவர்கள், ஆஸ்துமாக்காரர்கள் இதைத் தொடாமல் விடுவதே நல்லது. மற்றவர்களும் மெஷினின் காற்று உறிஞ்சும் பக்கம் தலையணைக்கு நேரே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொலியெஸ்டர் பஞ்சு

அந்த இன்னொன்று இதுவாக இருக்கலாம். எங்கும் கிடைக்கும், கழுவலாம், கழுவி இரவுக்குள் காயப்போடலாம். மற்றபடி புதிதில் பந்தாக நின்று மாஸ்க்கைத் தள்ளும், சில மாதத்தில் தட்டையாகும், அப்புறம் கட்டி கட்டியாகும். பழைய, பாதி அமுங்கிய பொலியெஸ்டர் தலையணை புதியதைவிட மாஸ்க்குக்கு நல்லது என்பது வேடிக்கைதான், ஆனால் உண்மை. விருந்தாளிக்கு வைத்திருக்கிற புதியதை எடுக்காமல், அலுமாரியில் கிடக்கிற பழையதை எடுங்கள்.

றப்பர் பால் தலையணை

1876இல் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் றப்பர் நாற்று நட்ட நாட்டில் இருக்கிறோம். அதனால் இயற்கை றப்பர் நுரையில் செய்த தலையணை நமக்கு வெளிநாட்டுச் சாமான் இல்லை. மெத்தை விற்கிற பெரிய கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். விலை பஞ்சைவிட நன்றாகக் கூட, ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். கழுத்தை ஒரே உயரத்தில் பிடிப்பதில் இதற்கு இணையில்லை. சிறு துளைகள் நிறைந்திருப்பதால் சூட்டையும் ஓரளவு விடும்.

மாஸ்க் விஷயத்தில் ஒரு சிக்கல்: இது அமத்தினால் திருப்பித் தள்ளும். குழி நிற்காது. மாஸ்க்கின் பக்கம் இதில் முட்டினால் இரவு முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே கரை தாண்டி மாஸ்க் தொங்குகிற அளவுக்குக் குறுகியதாக இருந்தால் மட்டுமே இது நல்ல தெரிவு. றப்பர் நுரையைப் பல்லுள்ள கூரான கத்தியால் வெட்டலாம்; நீளத்தைக் குறைத்து, வெட்டிய அளவுக்கு ஒரு உறை தைத்துவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் தீரும். காசு கொடுத்து வாங்கிய புதுத் தலையணையில் கத்தி வைக்க மனம் வருமா என்பது வேறு விடயம்.

இதை வாங்குகிறவர் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டியது, வெயிலில் போடாதே என்பது. பஞ்சுத் தலையணையை மதிலில் காயவைத்துப் பழகிய கை இதையும் கொண்டுபோய்ப் போடும். நேர் வெயிலில் றப்பர் மஞ்சளித்து, வெடித்து, உதிரத் தொடங்கும். எண்ணெயும் அதற்கு ஆகாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கிறவர் என்றால் உறைக்கு உள்ளே இன்னொரு தடித்த உறை வேண்டும். றப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இதை விட்டுவிடுங்கள்.

மெமரி ஃபோம்

1966இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக, விமான இருக்கைகளில் பாவிக்கவென்று சார்ல்ஸ் யோஸ்ட் என்ற பொறியியலாளர் உருவாக்கியது இது. உடற்சூடு பட்டதும் இளகி, அமர்ந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளும். குளிர்நாட்டவர்கள் இதைப் புகழ்வது நியாயம். நம் ஊரில் அறையே சூடாக இருக்கும்போது அது படுக்க முன்பே இளகிக் கிடக்கும். தலை எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கும், முகம் மாஸ்க்கோடு உள்ளே போகும். நான் முன்பு சொன்ன நுண்துளைகள் அடைபடுவது இதில்தான் அதிகம். சூட்டையும் பிடித்து வைத்திருக்கும். வியர்த்த கன்னத்தில் சிலிக்கன் வழுக்கும், கசியும்.

ஏசி போட்டுப் படுக்கிற அறையில் கணக்கு வேறு. அங்கே அது தன் இயல்பில் இருக்கும், கழுத்துக்கும் சுகம். ஏசி இல்லாத வீட்டுக்கு இதை யாராவது சிபாரிசு செய்தால் நான் ஏற்கமாட்டேன்.

பக்கம் வெட்டிய சீபாப் தலையணை

இதற்கென்றே செய்த தலையணைகள் வெளிநாடுகளில் விற்கின்றன. இரண்டு பக்கமும் பிறை வடிவில் வெட்டியிருக்கும். ஒருக்களித்தால் மாஸ்க் அந்த வெட்டுக்குள் இறங்கிக்கொள்ளும், நெற்றியும் நாடியும் வெட்டின் இரு பக்கமும் தாங்கப்படும். சிலவற்றில் குழாயைப் பிடித்துவைக்க ஒரு வளையமும் இருக்கும். பெரும்பாலானவை ஃபோம், உயரம் 4 முதல் 5 அங்குலம்.

முழுமுக மாஸ்க் போட்டு ஒருக்களித்துப் படுக்கிறவருக்கு இந்த வெட்டு உண்மையிலேயே உதவும். முழுமுக மாஸ்க் நாடிவரை வருவதால், சாதாரணத் தலையணையின் கரையில் மாஸ்க்கை வெளியே விட்டால் முகத்தில் பாதிக்கே தாங்கல் இருக்காது. சின்ன மாஸ்க்காரருக்கு இதில் கிடைக்கிற நன்மை, தலையணையை நெடுக்காகத் திருப்பிப் போடுவதில் கிடைப்பதைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமிக்குக் கனடாவில் இருக்கிற மகன் வரும்போது ஒன்று கொண்டுவந்தார். பயணப் பெட்டியில் பாதியை அதுவே பிடித்தது. மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் இதுக்குக் காதை அறுத்திருக்கு?" என்றார். வெட்டு நன்றாக வேலை செய்தது. கண்ணுக்குள் காற்று அடிப்பது நின்றது. உயரம்தான் ஒத்துவரவில்லை. ஒடுங்கிய தோள், அதுவும் புதைகிற ஸ்பொஞ்ச் மெத்தையில்; 5 அங்குலத் தலையணையில் கழுத்து மேல்நோக்கி வளைந்தது. நல்லகாலம் அந்தத் தலையணை இரண்டு படையாக இருந்தது. கீழ்ப்படையை உருவி எடுத்ததும் சரிவந்தது. எடுத்த படை இப்போது மாமாவின் சாய்மனைக் கதிரையில் கிடக்கிறது. ஆகவே வெளியில் இருந்து எடுப்பிக்கிறவர்கள் படை கழற்றக்கூடியதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஏறக்குறைய 50 டொலருக்கு மேல் கொடுத்த சாமான் கடைசியில் காலுக்குக் கீழே வைக்கத்தான் உதவும். உறை வேறு அதற்கென்றே தைத்தது. கிழிந்தால் இங்கே தைப்பிக்க வேண்டும், அதனால் முதலிலேயே ஒரு மாதிரி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் ஆளில்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஓட்டோ சீற்றுகளுக்கு உறையும் ஸ்பொஞ்சும் போடுகிற குஷன் கடைக்காரரிடம் போங்கள். அவர்களிடம் ஃபோம் வெட்டுகிற கத்தியும் கையும் இருக்கிறது. சீற்றுக்குப் போடுகிற கடினமான ஃபோம் வேண்டாம், மெதுவானதைக் கேளுங்கள். வெட்ட வேண்டிய இடத்தை வாயால் விளங்கப்படுத்துவது கஷ்டம். வீட்டில் பழைய தலையணையில் மாஸ்க்கோடு ஒருக்களித்துப் படுத்து, மாஸ்க் தொடுகிற இடத்தை வேறொருவரைக் கொண்டு பேனையால் கீறுவித்து, அந்தத் தலையணையையே கையோடு கொண்டுபோங்கள். வெட்டு மூன்று அங்குல ஆழம் போதும். அதற்கு மேல் போனால் நடுவில் தலை வைக்க இடம் மிஞ்சாது. இரண்டு பக்கமும் வெட்டுவியுங்கள்.

விமானத்தில் கழுத்துக்குப் போடுகிற வளையத் தலையணை, உமி நிரப்பிய தலையணை என்று இன்னும் சிலவற்றையும் சொல்வார்கள். வளையத் தலையணை மாஸ்க்கின் கீழ்வாரைத் தள்ளும். உமித் தலையணை வடிவம் மாறாது, சூடும் பிடிக்காது. ஆனால் காதடியில் இரவு முழுக்கச் சரசரக்கும். எனக்கு இரண்டும் வேண்டாம்.

குழாய், வலை, எண்ணெய்

நல்ல தலையணை இருந்தும் கசிகிறதென்றால் குழாயைப் பாருங்கள். வழக்கமான குழாய் 1.8 மீற்றர் நீளம். அது தோளுக்குக் கீழே சிக்கினால், நாம் திரும்பும்போது மாஸ்க்கைப் பிடித்து இழுக்கும். நாம் தலையணையைக் குறை சொல்வோம். குழாயைத் தலைக்கு மேலால் விட்டு, தலைமாட்டுச் சுவரில் ஒரு கொளுக்கியிலோ நுளம்பு வலையின் கயிற்றிலோ தளர்வாகத் தொங்கவிடுவது நல்லது. வலையின் கீழ்க்கரையை மெத்தைக்குள் செருகும்போது குழாய் நுழைகிற இடத்தில் ஒரு ஓட்டை விழும். நுளம்புக்கு அது போதும். அந்த இடத்தில் வலையைக் குழாயோடு சேர்த்துச் சுற்றி, உடுப்புக் காயப்போடுகிற கிளிப் ஒன்றைக் குத்திவிடுங்கள். குழாய் நசியக்கூடாது, வலை மட்டும் இறுகினால் போதும். மெஷின் தலையணையைவிடப் பதிவான ஸ்ரூலில் இருக்கட்டும். ஃபான் காற்றில் குழாய் குளிர்ந்து உள்ளே தண்ணீர் கட்டினால் அது மாஸ்க்குக்கு வராமல் தொட்டிக்கே திரும்பி ஓடும்.

எண்ணெயை மறக்கக்கூடாது. முழுகிய நாளில் முகத்தில் மிஞ்சுகிற நல்லெண்ணெய்ப் பிசுக்கு எந்தத் தலையணையாலும் தீராத கசிவைத் தரும். படுக்க முன் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைப்பதைப் பகலுக்கு மாற்றிவிடுங்கள். உறைக்கு வழுக்குகிற துணி நல்லதென்பார்கள், மாஸ்க் அதில் பிடிபடாமல் நகரும் என்று. உண்மைதான், ஆனால் நம் வியர்வைக்கு அது ஒட்டும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் தைத்த உறை நன்றாக வழுக்கவும் செய்யும், வியர்வையையும் எடுக்கும்.

எதை எடுப்பது

மூக்கு மாஸ்க், ஃபான் மட்டும் உள்ள அறை என்றால் இலவம் பஞ்சில் சின்னச் சதுரம், மாரிக்கு ஒரு பழைய பொலியெஸ்டர். இதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை. கழுத்து வருத்தம் ஏற்கெனவே இருக்கிறதென்றால் றப்பர் பால், நீளம் குறைத்தது. முழுமுக மாஸ்க் போட்டு ஒருக்களித்துப் படுக்கிறவருக்கு வெட்டிய தலையணை; வெளிநாட்டில் இருந்து வருகிறதா குஷன் கடையில் இருந்து வருகிறதா என்பது உங்கள் வசதி. தூசி ஒவ்வாதவர் பொலியெஸ்டரையே நெடுக்காகத் திருப்பிப் பாவித்து, அடிக்கடி கழுவி, தட்டையானதும் மாற்றலாம். மெமரி ஃபோம் ஏசிக்காரருக்கு.

எதை எடுத்தாலும் ஒரு இரவை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். கழுத்துக்குப் புது உயரம் பழகச் சில நாள் எடுக்கும். பெரும்பாலான மெஷின்கள் காலையில் கசிவைக் காட்டும். ரெஸ்மெட் என்ற நிறுவனத்தின் மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லீற்றருக்கு மேல் போனால் அதைப் பெரிய கசிவாகக் கணக்கெடுக்கும். பழைய தலையணையில் ஒரு கிழமை, புதியதில் ஒரு கிழமை என்று அந்த அளவைக் கொப்பியில் குறித்துப் பாருங்கள். மாஸ்க் முழுக்கக் காற்றில் தொங்கியும் கசிவு குறையவில்லை என்றால், அல்லது காலையில் வாய் காய்ந்து ஒட்டிக் கிடக்கிறதென்றால், பிரச்சினை மாஸ்க்கின் அளவிலோ வாய் திறபடுவதிலோ இருக்கிறது. அந்தக் கொப்பியையும் மாஸ்க்கையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய், கதிரையில் இருத்தாமல் கட்டிலில் படுக்கவைத்து அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.